வீட்டு ஒயினுக்கும் பியருக்கும் ஓக் வாசம்: பீப்பாய் வாங்காமல் என்ன செய்யலாம்?

கனடாவில் 23 லிட்டர் ஒயின் கிட் வாங்கிச் செய்கிறவர்களுக்கு அந்தப் பொட்டலம் தெரிந்திருக்கும். பெட்டிக்குள் திராட்சைச் சாற்றுப் பை, ஈஸ்ட், ஒயின் கெடாமல் காக்கும் சல்ஃபைட், தெளிய வைக்கும் பொடிகள் எல்லாம் இருக்கும். சிவப்பு ஒயின் என்றால் பல கிட்களில் கூடவே ஓக் மரத்தூளோ மரச்சீவலோ அடைத்த ஒரு சின்னப் பை. முதல் நாளே கொட்டிக் கலக்கு என்று தாளில் போட்டிருக்கும், நாமும் கொட்டிக் கலக்குவோம். குடிக்கும்போது ஓக் இருக்கிறதா என்று தேடினால் இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். அங்கேதான் அடுத்த கேள்வி பிறக்கிறது. இதைச் சரியாகச் செய்ய வேண்டுமென்றால் என்ன வாங்குவது? சீவலா, கட்டையா, சுருளா, சாறா, இல்லை துணிந்து ஒரு குட்டிப் பீப்பாயா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று மாதம் காத்திருக்க முடிந்தவர் க்யூப், அதாவது சின்ன ஓக் கட்டைகள், வாங்கலாம். அளவு தவறிவிடுமோ என்று பயப்படுகிறவர், அவசரத்தில் இருப்பவர், பியர் செய்கிறவர் மூவரும் வோட்கா போன்ற ஸ்பிரிட் ஒரு ஜாடியில் எடுத்து, அதில் க்யூபை ஊற வைத்து, அந்த ஊறலைச் சொட்டுச் சொட்டாகக் கலக்கலாம். குட்டிப் பீப்பாய் வேண்டாம். ஏன் இந்த முடிவு என்பதுதான் கீழே வருவது.

நடுவில் சட்டம் பற்றி ஒரு வரி. கனடாவில் சொந்த உபயோகத்துக்கு ஒயினும் பியரும் வீட்டில் செய்ய உரிமம் தேவையில்லை, காய்ச்சி வடிக்கத்தான் தேவை. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ஆகவே இது அனுமதி உள்ள இடங்களில் இருப்பவர்களுக்கான கணக்கு.

மரம் என்ன தருகிறது

ஓக் வாசனை என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது ஒரே வாசனை இல்லை. மரத்தில் லிக்னின் என்று ஒன்று இருக்கிறது. வாட்டும்போது அது உடைந்து வனிலின் தருகிறது. கடையில் வாங்கும் வனிலா எசன்ஸில் இருக்கும் அதே பொருள்தான். இன்னும் வாட்டினால் குவாயகோல் வகையறா வந்து புகை வாசம் ஏறும். யூஜினால் கொஞ்சம் கிராம்பு வாசம் தரும். ஹெமிசெல்லுலோஸ் சூட்டில் கருகிக் கேரமல் மணமும் வறுத்த பாதாம் மணமும் தரும். இவை போக, வாட்டாத மரத்திலேயே இருக்கும் ஓக் லாக்டோன் தேங்காய் வாசம் உடையது. கடைசியாக டானின், அதாவது துவர்ப்பு. வாழைப்பூவை மோரில் போடாமல் அப்படியே கடித்தால் நாக்கைப் பிடிக்குமே, அளவு மீறினால் அந்தப் பிடிப்பு ஒயினிலும் வரும்.

இந்தக் கலவையை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, மரம் எங்கிருந்து வந்தது. அமெரிக்க வெள்ளை ஓக்கில் லாக்டோன் அதிகம், அதனால் தேங்காயும் இனிப்பும் தூக்கலாக இருக்கும். பிரெஞ்சு ஓக்கில் துவர்ப்பும் மசாலா வாசமும் கூட, ஆனால் அடக்கமாக இருக்கும். ஹங்கேரி ஓக் பிரெஞ்சு வகைக்கு நெருங்கிய உறவு, விலை குறைவு. மலிவாகச் செய்ய நினைப்பவர் பெயரைப் பார்த்து ஒதுக்கக் கூடாத சரக்கு அது. பிரெஞ்சு மரத்தின் விலைக்குக் காரணம் பெயர் மட்டுமில்லை. அமெரிக்க ஓக்கின் நுண்குழாய்கள் இயற்கையாகவே அடைபட்டிருப்பதால் அதை ரம்பத்தில் அறுத்தே பலகை எடுக்கலாம். பிரெஞ்சு ஓக்கை நார் போகும் திசையில் பிளக்க வேண்டும், இல்லாவிட்டால் பீப்பாய் ஒழுகும். பிளந்தால் சேதாரம் அதிகம். ஆனால் சீவலுக்கும் க்யூபுக்கும் ஒழுகுவது என்ற பேச்சே கிடையாது, அதனால் இந்த விலை வித்தியாசம் அங்கே வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. பீப்பாய் வாங்காதவருக்குக் கிடைக்கும் முதல் லாபம் இதுதான்.

இரண்டாவது, எவ்வளவு வாட்டினார்கள் என்பது. லேசான வாட்டலில் மரமும் தேங்காயும், நடுத்தரத்தில் வனிலாவும் கேரமலும், கடும் வாட்டலில் காபியும் புகையும். எதை வாங்குவது என்று தெரியவில்லையா, நடுத்தர வாட்டலையே எடுங்கள். அதில் தவறுவது கடினம்.

பீப்பாய்க் கணக்கு

ஒயின் ஆலைகளில் இருக்கும் போர்தோ பீப்பாய் 225 லிட்டர். புது பிரெஞ்சுப் பீப்பாய் ஒன்று ஆயிரம் டாலரைத் தாண்டும். அதை விடுங்கள், யாரும் வீட்டுக்கு வாங்கப் போவதில்லை. நம்மை மயக்குவது இணையத்தில் விற்கும் 5 லிட்டர், 10 லிட்டர் குட்டிப் பீப்பாய்கள். பெயர் பொறித்துத் தருவார்கள், பித்தளைக் குழாய் வேறு இருக்கும், அலமாரியில் வைத்தால் அழகாகத்தான் இருக்கிறது.

பீப்பாய் சிறிதாகச் சிறிதாக, ஒவ்வொரு லிட்டருக்கும் படும் மரப்பரப்பு கூடிக்கொண்டே போகும். ஒரே வடிவம் என்று வைத்துக்கொண்டால், 225 லிட்டர் பீப்பாயில் ஒரு லிட்டருக்குப் படுகிற பரப்பைப் போல மூன்றரை மடங்கு 5 லிட்டர் பீப்பாயில் படும். பெரிய பீப்பாயில் ஒரு வருடம் அமைதியாகக் கிடக்கும் ஒயின் இதில் சில வாரங்களிலேயே மரச்சாறு ஆகிவிடும். எடுத்துவிட வேண்டியதுதானே என்றால், எடுக்கலாம். ஆனால் பீப்பாயில் வைப்பதன் முழுப் பயன் வாசனையில் மட்டும் இல்லை. மரத்தின் வழியே மெல்ல மெல்ல உள்ளே கசியும் ஆக்சிஜன் ஒயினின் துவர்ப்பை மாதக்கணக்கில் மென்மையாக்குகிறது. குட்டிப் பீப்பாயில் வாசனை ஏறும் வேகத்துக்கு அந்த வேலைக்கு அவகாசமே கிடைப்பதில்லை. அதிக நாள் வைத்தால் ஆக்சிஜனும் அளவுக்கு மேல் போகும், ஆவியாகிக் குறையும், குறைந்த இடத்தில் காற்று நிற்கும், அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா வந்து உட்கார்ந்து ஒயினை வினிகர் பக்கம் இழுக்கும்.

அப்புறம் பராமரிப்பு. வாங்கியதும் தண்ணீர் ஊற்றி மரம் ஊதி இடுக்கு அடையும் வரை காத்திருக்க வேண்டும். காலியாக விட்டால் காய்ந்து வெடிப்பு விடும், தண்ணீர் ஊற்றி வைத்தால் பாசி பிடிக்கும். ஆகவே சல்ஃபைட்டும் சிட்ரிக் அமிலமும் கரைத்த நீரை நிரப்பி, அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவும் செய்து மூன்று நான்கு முறை நிரப்பியதும் மரத்தில் இருக்கும் வாசனை ஏறத்தாழ தீர்ந்துவிடும். நூறு டாலருக்கு மேல் கொடுத்த பீப்பாய் அதன்பின் வெறும் பாத்திரம். 23 லிட்டர் கிட் செய்கிறவருக்கு இது கொள்ளவும் கொள்ளாது. மிச்சம் 18 லிட்டரை எங்கே வைப்பது?

அமெரிக்க விஸ்கியான போர்பன் வைத்திருந்த பழைய பீப்பாய் வேறு கதை. அமெரிக்கச் சட்டப்படி போர்பனைப் புதிதாகக் கருக்கிய ஓக் கலத்தில்தான் வைக்க வேண்டும். ஆகவே ஒருமுறை பயன்படுத்திய 200 லிட்டர் பீப்பாய்கள் வரிசையாகச் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஸ்காட்லாந்து விஸ்கி ஆலைகள் அள்ளிக்கொண்டு போவதும் அதைத்தான். காலிப் பீப்பாயே ஏறத்தாழ 50 கிலோ, நிரப்பினால் கால் டன். நிரப்ப 23 லிட்டர் கணக்கில் ஒன்பது முறை காய்ச்ச வேண்டும். வீட்டுமது சங்கத்தில் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு கொப்பரை காய்ச்சி, ஒருவர் வீட்டு நிலவறையில் வைத்து நிரப்புவது உண்டு. லிட்டர் கணக்கில் பார்த்தால் அது உண்மையிலேயே மலிவு. தனி ஆளுக்கு ஆகாது.

பீப்பாய்க்குள் மது இருப்பதுதான் முறை, மதுவுக்குள் மரம் இருப்பது ஏமாற்று என்ற எண்ணம் பலருக்கு உண்டு. தொழில்காரர்களுக்குள்ளேயே இந்தச் சண்டை நடந்திருக்கிறது. காம்பஸ் பாக்ஸ் என்ற ஸ்காட்ச் நிறுவனம் 2005-இல் ஸ்பைஸ் ட்ரீ என்று ஒரு விஸ்கி கொண்டுவந்தது. பழைய பீப்பாய்க்குள் வாட்டிய பிரெஞ்சு ஓக் பலகைகளைப் பொருத்தி முதிர வைத்த சரக்கு. ஸ்காட்ச் விஸ்கி சங்கம் இது மரபில்லை என்று ஆட்சேபித்ததால் அடுத்த ஆண்டே நிறுத்தினார்கள். பிறகு பலகையை உள்ளே பொருத்துவதற்குப் பதில் பீப்பாயின் இரு முனை மூடிகளையே புதிய மரத்தில் செய்து 2009-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒயின் பக்கம் இவ்வளவு பிடிவாதம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியமே 2006 வாக்கில் ஒயினில் ஓக் துண்டுகள் போடுவதை அனுமதித்துவிட்டது. நம் வீட்டுக் கார்பாயை, அதாவது ஒயின் வைக்கும் ஒடுங்கிய கழுத்துப் பெரிய ஜாடியை, வந்து பார்க்க எந்தச் சங்கமும் இல்லை என்பது கூடுதல் நிம்மதி.

சீவல்

இருப்பதிலேயே மலிவு இதுதான். ஐந்து டாலருக்குள் ஒரு பை கிடைக்கும், அதை வைத்து இரண்டு மூன்று முறை செய்யலாம். மெல்லிசாக இருப்பதால் சாறு சட்டென்று இறங்கும். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் அதில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும்.

பலமும் பலவீனமும் அந்த வேகம்தான். மெல்லிய சீவல் உள்ளும் புறமும் ஒரே அளவில் வாட்டப்பட்டிருக்கும். ஆகவே வாசனையும் ஒரே சுருதியில் வரும். முதலில் மரம், உடனே துவர்ப்பு. கொஞ்சம் அசந்தால் மரப்பட்டறை வாசம் தூக்கிவிடும். ஒயினுக்கு லிட்டருக்கு 1 முதல் 3 கிராம், அதாவது 23 லிட்டருக்கு 25 முதல் 70 கிராம் என்பது புழக்கத்தில் உள்ள அளவு. பியருக்கு 30 கிராமில் தொடங்குவது நல்லது. மூன்றாம் நாளிலிருந்து சுவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சீவலை அப்படியே கொட்டினால் முதலில் மிதக்கும், பிறகு அமிழும், வடிக்கும்போது குழாயை அடைக்கும். மஸ்லின் பையில் போட்டால் ஊறிப் பருத்து, கார்பாயின் ஒடுங்கிய கழுத்து வழியாக வெளியே வராது. வாய் அகன்ற வாளியில் செய்கிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒடுங்கிய கழுத்து என்றால் கொட்டிவிட்டு, முடிந்ததும் திரவத்தை மட்டும் மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றுவதுதான் வழி.

க்யூப்

சின்னச் சின்னக் கட்டைகள். ஒயின் தொழிலில் இவற்றை பீன்ஸ் என்றும் சொல்கிறார்கள். சீவலின் விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தக் கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது ஆழம். கட்டையின் மேற்புறம் அதிகம் வாட்டப்பட்டிருக்கும், உள்ளே போகப்போகக் குறைவு. பீப்பாய்ப் பலகையும் அப்படித்தான் இருக்கும். ஒயின் மெல்ல உள்ளே ஊறிச் செல்லும்போது முதலில் வறுத்த மணம், பிறகு வனிலா, பிறகு இனிப்பும் மரமும் என்று அடுக்கடுக்காக வெளிவருகிறது. இதற்கு இரண்டு மாதமாவது ஆகும். மூன்று மாதம் விட்டால் இன்னும் நல்லது.

23 லிட்டருக்கு 60 முதல் 90 கிராம் போடலாம். இது மெதுவாக நடப்பதால் ஒரு வாரம் மறந்துபோனாலும் ஒன்றும் குடி முழுகாது. வேலைக்குப் போகிற, குழந்தை குட்டி உள்ள ஆளுக்கு இந்த நிதானம் பெரிய வசதி. எப்படியும் சிவப்பு ஒயினைச் சில மாதம் கார்பாயில் வைக்கத்தான் போகிறோம், அந்த நேரத்திலேயே வேலை முடிந்துவிடும்.

ஒருமுறை பயன்படுத்திய க்யூபைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இரண்டாம் முறையில் வாசனை பாதிக்கும் கீழே போயிருக்கும், ஆனால் மென்மையான ஓக் போதும் என்கிற வெள்ளை ஒயினுக்கோ ஆப்பிள் மதுவான சைடருக்கோ அது பொருந்தும். ஒரு விலக்கு உண்டு. புளிப்பு பியர் செய்து பிரெட்டனோமைசஸ் ஈஸ்ட் போட்டிருந்தால், அந்தக் க்யூபை இன்னொரு புளிப்பு பியருக்கு மட்டுமே போட வேண்டும். அந்த ஈஸ்ட் மரத்தின் உள்ளே புகுந்து, அங்கிருக்கும் சர்க்கரையைத் தின்றே உயிரோடு கிடக்கும். எந்தக் கழுவலுக்கும் அசையாது.

சுருள், பலகை, தூள், சாறு

சுருள் என்பது ஓக் கம்பைத் திருகு மாதிரிக் கடைந்தது. அமெரிக்காவில் மின்னசோட்டாவின் பேரல் மில் செய்வதுதான் பரவலாகக் கிடைக்கும். இரண்டு சுருள் ஒரு கார்பாய்க்குச் சரியாகப் போகும், ஆறு வாரத்தில் சாறு முழுவதும் இறங்கிவிடும். வாசனை சேர்க்காத பல் இடுக்கு நூலால் கட்டித் தொங்கவிட்டால் வேண்டிய நாளில் இழுத்து வெளியே எடுத்துவிடலாம். சீவலிலும் க்யூபிலும் இந்த வசதி கிடையாது. தரத்தில் க்யூபுக்கு நெருங்கி வரும், விலையில்தான் மேலே நிற்கும். பலகைக் குச்சிகளும் இதே ரகம்.

தூள் நொதிக்கும்போது போட வேண்டியது. கிட் பொட்டலத்தில் ஓக் ஏன் மங்கலாக இருக்கிறது என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான். கொதித்து நொதிக்கும் ஈஸ்ட் வனிலினைப் பிடித்து, வாசனை குறைந்த வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. அப்படியானால் தூள் வீணா? இல்லை. சிவப்பு ஒயினின் நிறம் நிலைக்கவும் வாயில் கொஞ்சம் கனம் நிற்கவும் அதன் டானின் உதவும். ஆகவே பொட்டலத்தைச் சொன்னபடி முதல் நாள் போடுங்கள், ஆனால் வாசனைக்கு அதை நம்பாதீர்கள். வாசனை வேண்டுமென்றால் நொதித்தல் அடங்கிய பிறகு க்யூப் போடுங்கள்.

பாட்டிலில் விற்கும் ஓக் சாற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். என் நாக்குக்கு அது மரத்தை விட மிட்டாய்க்கு நெருக்கமாகத் தெரிகிறது. அதே வேலையை வீட்டிலேயே நன்றாகச் செய்யலாம்.

ஜாடி ஊறல்

மூடி இறுகும் ஒரு கண்ணாடி ஜாடி, 60 கிராம் நடுத்தர வாட்டல் க்யூப், அது மூழ்க 300 மில்லி அளவு வோட்கா அல்லது போர்பன். இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம். இடையிடையே குலுக்கலாம். மரம் கொஞ்சம் குடித்துக்கொண்டது போக, கருத்த தேன் நிறத்தில் 200 மில்லிக்கு மேல் மிஞ்சும். காபி ஃபில்டர் தாளில் வடித்து வைத்தால் கெடாது.

இதன் உண்மையான மதிப்பு அளந்து பார்க்க முடிவதில் இருக்கிறது. மற்ற எல்லா முறையிலும் மொத்தம் 23 லிட்டரையும் பணயம் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். இதில் நான்கு டம்ளரில் தலா 100 மில்லி ஊற்றி, ஒன்றை அப்படியே விட்டு, மற்றவற்றில் கால், அரை, முக்கால் மில்லி ஊறல் விட்டுச் சுவைக்கலாம். குழந்தைக்கு மருந்து கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்ச் இதற்குப் போதும். அரை மில்லி பிடித்தது என்றால் 23 லிட்டருக்கு 115 மில்லி. அதில் முக்கால் பங்கை முதலில் விட்டு, இரண்டு நாள் கழித்துத் திரும்பச் சுவைத்து மீதியைச் சேர்ப்பது என் வழக்கம். வீட்டில் இன்னொருவரையும் சுவைக்கச் சொல்லுங்கள், எந்த டம்ளர் எது என்று சொல்லாமல்.

ஆல்கஹால் ஏறிவிடாதா? 6 சதவீத பியர் 23 லிட்டரில் 40 சதவீத ஊறலை 200 மில்லி முழுவதும் கொட்டினாலும் ஏறத்தாழ 6.3-க்குத்தான் போகும்.

குறையும் உண்டு. ஸ்பிரிட் மரத்திலிருந்து எடுக்கும் பொருள்களின் விகிதம் வேறு, 12 சதவீத ஒயின் மாதக்கணக்கில் எடுப்பது வேறு. ஊறல் கலந்த சிவப்பு ஒயினில் ஓக் தனியாக மேலே நிற்கிற மாதிரி முதலில் இருக்கும். பாட்டிலில் இரண்டு மாதம் கிடந்தால் ஒன்றோடொன்று சேரும். கறுத்த, கனத்த பியர்களில் அந்தக் குறை தெரிவதே இல்லை.

அதைவிட மலிவாக

கடைக்குக் கடை விலை மாறினாலும் மேலே சொன்ன எதுவும், பீப்பாய் தவிர, இருபது டாலரைச் சுற்றியே முடியும். அதையும் குறைக்க இரண்டு வழிகளைப் பலர் முயல்கிறார்கள்.

ஒன்று, பார்பிக்யூவில் புகை போட விற்கும் பழைய விஸ்கிப் பீப்பாய்ச் சீவல். ஜாக் டேனியல்ஸ் பெயரிலேயே வருகிறது. மரம் நல்ல மரம்தான், விஸ்கியும் ஊறியிருக்கும், பை பெரிது. ஆனால் அது குடிப்பதற்கென்று தயாரித்தது இல்லை. வாட்டல் அளவு எங்கும் எழுதியிருக்காது, கரித்தூள் நிறைய வரும். வாங்குவதென்றால் மரம் தவிர வேறெதுவும் சேர்க்காதது என்று உறையில் இருப்பதைத்தான் வாங்க வேண்டும். ஊறலாகச் செய்து சோதித்துவிட்டு, பிறகு கலக்கலாம். நேரே கார்பாயில் போட மாட்டேன்.

இன்னொன்று, தச்சுப் பட்டறைத் துண்டு. இதைத் தவிர்க்கவே சொல்வேன். வெள்ளை ஓக்கா சிவப்பு ஓக்கா என்று தெரியாது. சிவப்பு ஓக்கின் வாசனை மதுவுக்கு ஆகாது. அதன் குழாய்கள் திறந்தே இருப்பதால் நீளவாட்டில் வெட்டிய குச்சியின் ஒரு முனையில் வாய் வைத்து ஊதினால் மறுமுனையில் காற்று வரும், அடையாளம் காண இது ஒரு வழி. வெள்ளை ஓக்காகவே இருந்தாலும் மேசை நாற்காலிக்கான மரத்தைச் சூளையில் காய வைத்திருப்பார்கள். பீப்பாய் மரத்தை ஒன்றரை, இரண்டு, மூன்று வருடம்கூட மழையிலும் வெயிலிலும் அடுக்கி வைக்கிறார்கள். மழை கடுந்துவர்ப்பைக் கழுவிவிடும், பூஞ்சை கொஞ்சம் பக்குவப்படுத்தும். சூளையில் அது நடக்காது. வார்னிஷ், பூச்சி மருந்து ஏறிய மரம் என்றால் பேச்சே வேண்டாம். மிச்சமாகும் பத்து டாலருக்கு இவ்வளவு சந்தேகத்தைச் சுமக்கத் தேவையில்லை.

சுத்தம்

மரம் துளை நிறைந்த பொருள். சல்ஃபைட் கரைசலோ அமிலக் கிருமிநாசினியோ மேலே படுமே தவிர உள்ளே போகாது. ஆவிதான் சரியான வழி. இட்லிப் பானையில் துணி விரித்து, சீவலையோ க்யூபையோ பரப்பி 15 நிமிடம் வேக வைத்தால் போதும். வீட்டில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அடுத்த ஈட்டு இட்லியில் மர வாசம் வந்தால் நான் பொறுப்பில்லை. தண்ணீரில் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுவதும் உண்டு. கொதியில் துவர்ப்பு குறையும், கூடவே நல்ல வாசனையும் கொஞ்சம் போகும். அமெரிக்கச் சீவலின் முரட்டுத்தனம் பிடிக்காதவருக்கு அது அனுகூலம்தான்.

12 சதவீத ஒயினில் சல்ஃபைட்டும் இருந்தால் அபாயம் குறைவு. 5 சதவீத பியரில் கவனம் வேண்டும். இன்னொன்று, வாயு கரைந்திருக்கும் திரவத்தில் காய்ந்த மரத்தை ஒரேயடியாகக் கொட்டினால் நுரைத்துக்கொண்டு தரைக்கு வரும். ஈர மரம், கொஞ்சம் கொஞ்சமாக.

எதற்கு எது

கபர்னே, மெர்லோ போன்ற சிவப்பு ஒயினுக்கு பிரெஞ்சு அல்லது ஹங்கேரி க்யூப், மூன்று மாதம். ஷிராஸுக்கு அமெரிக்க ஓக்கும் பொருந்தும். ஆஸ்திரேலியர்கள் அதைத்தான் நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். ஷார்டனேக்குப் பாதி அளவு போதும். மற்ற வெள்ளை ஒயின்களுக்குப் பெரும்பாலும் எதுவுமே வேண்டாம்.

ஸ்டவுட், போர்ட்டர் வகைக் கறுப்பு பியருக்கு போர்பனில் ஊறிய க்யூப். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் பியர் ஆலை 1990-களில் ஸ்டவுட்டைப் போர்பன் பீப்பாயில் வைத்துப் பிரபலப்படுத்தியது. அந்தச் சுவையில் பாதி ஓக், பாதி மரத்துக்குள் ஊறிக் கிடந்த விஸ்கி. ஆகவே ஜாடியில் க்யூபோடு போர்பனையும் சேர்த்து ஊற்றுவது இங்கே குறுக்குவழி இல்லை, அதே சேர்மானம்தான். நல்ல போர்பன் தேவையில்லை, அலமாரியின் கீழ்த்தட்டில் இருப்பது போதும்.

இந்தியாவுக்குக் கப்பலேறிய ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்ற பியர் ஓக் பீப்பாயில்தான் வந்தது, ஆகவே அதில் ஓக் சேர்ப்பதுதான் மரபு என்று சிலர் சொல்வார்கள். அந்தக் காலத்து ஆங்கிலேய பியர் ஆலைகள் பால்டிக் கடற்கரையிலிருந்து வந்த மெமல் ஓக்கைத் தேடி வாங்கியதே அது வாசனை தராது என்பதற்காகத்தான். அமெரிக்க ஓக் பியரில் சுவை ஏற்றிவிடும் என்று ஒதுக்கினார்கள். கசப்பும் மணமும் தரும் ஹாப் பூ மணக்கும் பியரில் வனிலாவும் தேங்காயும் எனக்கு ஒட்டவில்லை. ஐபிஏவை விட்டுவிடுங்கள்.

ஓக் உண்மையிலேயே வேலை செய்யும் இடம் தேன் மது. மீட் என்று இங்கே சொல்கிற இதில் திராட்சைத் தோல் கிடையாது, ஆகவே துவர்ப்பு என்பதே இல்லை. தேனின் இனிப்பு பிடிமானம் இல்லாமல் தளதளவென்று நிற்கும். 40, 50 கிராம் க்யூப் போட்டு இரண்டு மாதம் விட்டால் முதுகெலும்பு வந்துவிடுகிறது. நம் சங்கப் பாடல்களில் மூங்கில் குழாயில் அடைத்து முற்ற வைத்த தேன் தேறல் வருகிறது. மூங்கில் அதற்கு என்ன சுவை தந்ததோ, தேனையும் மரத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் எண்ணம் பழையதுதான். ஆப்பிள் சைடருக்கும் இதே நியாயம், அளவை மட்டும் பாதியாக்குங்கள்.

ஓக் கூடிப்போனால் என்ன செய்வது? மரத்தை உடனே எடுத்துவிட்டு மூன்று நான்கு மாதம் தொடாமல் வைத்தால் பச்சை மர வாசமும் முரட்டுத் துவர்ப்பும் தணியும். வனிலா அவ்வளவு சீக்கிரம் போகாது. அப்போதும் தூக்கலாக இருந்தால், அதே கிட்டை ஓக் போடாமல் இன்னொரு முறை செய்து பாதிக்குப் பாதி கலந்துவிடலாம். அறுபது பாட்டில் ஆகிவிடும் என்பதால் காலிப் பாட்டில்களை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள்.